பன்னிரண்டு வயதில் யாரைக் கழிக்கிறோம்?

(திருவனந்தபுரத்தில் கால்பந்துப் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்து ஆட வரும் பிள்ளைக்கு முதலில் எது வேண்டும், உடம்பா, பந்துத் திறனா? மேடையில் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம்: இரண்டும் வேண்டும். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அதனால் யாருக்கும் பயனுமில்லை. ட்ரையல்ஸ் நடக்கும் நாளில் இருநூறு முந்நூறு பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். இடம் இருபதுதான். மாலையில் பட்டியல் ஒட்டியாக வேண்டும். அந்தப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதுதான் நம் உண்மையான பதில். நான் பேச வந்தது அந்தப் பட்டியலைப் பற்றி. அதைவிட, அதில் பெயர் இல்லாமல் பஸ் ஏறிப் போகும் பிள்ளைகளைப் பற்றி.

நம் ஊரில் நடந்த ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2016 ஜனவரி 3, காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம். தெற்காசியக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஆப்கானிஸ்தானும். இங்கே இருப்பவர்களில் சிலர் அன்று கேலரியில் இருந்திருப்பீர்கள். ஆப்கன் வீரர்களில் பலர் ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்து ஆடியவர்கள். எழுபதாவது நிமிடத்தில் சுபைர் அமிரி கோல் அடித்து ஆப்கனை முன்னே கொண்டுபோனார். இரண்டு நிமிடத்தில் ஜேஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலில் இந்தியா 2-1 என்று கோப்பையை வென்றது.

சேத்ரியின் உயரம் 170 சென்டிமீட்டர். நம் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் உயரம். ஆனால் அவர் அடித்த கோல்களில் தலையால் அடித்தவை எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். ஓய்வை விட்டுத் திரும்பி வந்து, 40 வயதில், 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராக அடித்ததும் தலையால்தான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? மேலே எழும்பும் கால் உடல் வலு. எப்போது எழும்ப வேண்டும், டிஃபெண்டரின் எந்தத் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பந்து எங்கே வந்து இறங்கும் என்று அரை நொடி முன்னால் தெரிந்திருப்பது ஆட்ட அறிவு. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுக்க முடியாது. வளர்ந்த வீரனிடம் பிரிக்க முடியாத இந்த இரண்டையும் நாம் எப்போது பிரிக்கிறோம் என்றால், பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது ஆகும்போது. அந்த வயதில்தான் பிரிக்கவே கூடாது.

நம் நாட்டு விளையாட்டு விடுதிகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கும் திறன் சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை, முப்பது மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து முன்னே தாவுதல், மேல்நோக்கித் தாவுதல், ஷட்டில் ஓட்டம், பந்தெறிதல், எண்ணூறு மீட்டர் ஓட்டம். எல்லாம் நல்ல சோதனைகள்தான். இவை வந்ததற்கு ஒரு நியாயமும் உண்டு. நாடாவும் ஸ்டாப்வாட்சும் சிபாரிசுக் கடிதத்துக்கு மயங்காது. எட்டடி தாவியவன் எட்டடி தாவியவன்தான். அவன் யார் மகன் என்று நாடா கேட்பதில்லை. சிபாரிசு எங்கும் நுழைந்துவிடும் நாட்டில் எண்ணாகக் கிடைக்கும் ஒரு முடிவுக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்களில் எதிலாவது கால்பந்து இருக்கிறதா? பந்தைத் தொட்ட முதல் நொடியில் அந்தப் பிள்ளை என்ன செய்தான், பந்து வருவதற்கு முன் திரும்பிப் பார்த்தானா, இடது காலில் வந்த பந்தை இடது காலாலேயே வாங்கினானா? இவற்றை அளக்க நாடா இல்லை. அளக்க முடியாததால் இவற்றுக்கு மதிப்பெண்ணும் இல்லை.

ஆட விட்டுப் பார்க்கும் தேர்விலும் இதே சிக்கல்தான் வேறு உருவில் வருகிறது. பதினொரு பேரைப் பதினொரு பேருக்கு எதிராக முழு மைதானத்தில் இறக்கிவிட்டு இருபது நிமிடம் பார்ப்போம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அவ்வளவு பெரிய இடத்தில் ஆடினால் யார் கண்ணில் படுவான்? நீளமாகத் தட்டிவிட்டு ஓடிப் பிடிப்பவன். மோதலில் கீழே விழாதவன். அவன் கெட்டிக்காரன் என்றே தோன்றும். உண்மையில் அவன் மீசை அரும்பத் தொடங்கியவன்; மற்றவர்களுக்கு இன்னும் தொடங்கவில்லை.

உடல் வளர்ச்சியைப் பற்றி ஒரு பயிற்சியாளர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் வருகிறது. அந்த ஓராண்டில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை வளர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு ஆண்டு முந்தி வரும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், அடுத்த வீட்டுப் பையனுக்குப் பதினைந்து முடிந்துதான் வரும். பிறந்த தேதி ஒன்றாகவே இருந்தாலும் எலும்பின் வயதில் மூன்று நான்கு ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். முந்தி வளர்ந்தவன் கடைசியில் அதிக உயரமாக நிற்பான் என்றும் சொல்ல முடியாது. ஆகவே பதின்மூன்று வயதில் ஓட்டத்திலும் தாவலிலும் மோதலிலும் நாம் அளப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தை அல்ல; அவன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்பதைத்தான்.

இதனால் பிந்தி வளர்பவனுக்கு மட்டுமா கேடு? முந்தி வளர்ந்தவனுக்கும்தான். பதின்மூன்று வயதில் வலுவால் எல்லோரையும் தாண்டிப் போகிறவனுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. பாஸ் கொடுக்க வேண்டியதில்லை, இடது கால் வேண்டியதில்லை. பயிற்சியாளரும் கோப்பை கிடைத்த மகிழ்ச்சியில் திருத்துவதில்லை. பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்து பக்கத்தில் வந்து நிற்கும்போது அவனிடம் தனியாக எதுவும் இருக்காது. அப்படி வாடிப்போன மாவட்ட அளவு நட்சத்திரங்கள் நம் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான்.

பிந்தியவர்களைக் கழித்த கதை உலகம் முழுக்க உண்டு. பிரான்சின் கிரீஸ்மானை அவர் நாட்டுக் கிளப்புகள் சிறியவன் என்று திருப்பி அனுப்பின. பதினான்காவது வயதில் ஸ்பெயினின் ரியல் சோசிடாட் அவரை எடுத்துக்கொண்டது. குரோவேஷியாவின் மோட்ரிச்சை ஹைடுக் ஸ்பிலிட் மெலிந்தவன் என்று வேண்டாமென்றது. இங்கிலாந்தின் ஜேமி வார்டியைப் பதினாறாவது வயதில் ஷெஃபீல்டு வெட்னெஸ்டே விட்டுவிட்டது. இவர்கள் தப்பிப் பிழைத்ததால் நமக்குப் பெயர் தெரிகிறது. அங்கே ஒரு கிளப் கைவிட்டால் அடுத்த ஊரில் இன்னொரு கிளப் இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலோ குளச்சலிலோ கழிக்கப்படும் பிள்ளைக்கு அடுத்த கதவு எங்கே இருக்கிறது?

பிறந்த மாதமும் இதில் விளையாடுகிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்று ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985இல் எடுத்துக்காட்டினார். பிறகு பல நாட்டுக் கால்பந்து இளையோர் அணிகளிலும் அதுவே தெரிந்தது. வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஓராண்டு மூத்தவன். பத்துப் பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது பெரிய இடைவெளி.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கத்தைச் சொல்கிறேன். இதற்காகத்தான் மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்து வயதை மதிப்பிடுகிறார்கள். ஃபிஃபாவும் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. சோதனை வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொய் ஏன் பலன் தருகிறது என்று கேட்டிருக்கிறோமா? பதின்மூன்று வயதுத் தேர்வில் பெரிய உடம்புக்குப் பரிசு இருப்பதால் பலன் தருகிறது. முதல் தொடுகைக்கும் பார்வைக்கும் முடிவெடுக்கும் வேகத்துக்கும் நாம் மதிப்பெண் கொடுத்தால் இரண்டு வயது குறைத்துக் காட்டுவதால் கிடைக்கும் லாபம் சுருங்கிவிடும். எக்ஸ்ரே கண்டுபிடிக்கும் பொய்யைத் தேர்வு முறையும் ஓரளவுக்குத் தடுக்கும்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் அவன் வீட்டுச் சாப்பாடு தெரியும். காலையில் கட்டஞ்சாயாவும் ரஸ்க்கும் சாப்பிட்டுவிட்டு வந்தவன் எண்ணூறு மீட்டரில் பின்தங்கினால் அவனுக்கு ஸ்டாமினா இல்லை என்று எழுதிவிடுகிறோம். அவனுக்கு இல்லாதது முட்டையும் பாலும் பயறும். விடுதியில் சேர்த்து இரண்டு வருடம் நன்றாகச் சாப்பாடு போட்டு ஒன்பது மணிக்குத் தூங்க வைத்தால் வரக்கூடிய ஒன்றை, வரும்போதே கொண்டுவா என்று கேட்பது நியாயமா? எதை நம்மால் பின்னர் கொடுக்க முடியுமோ அதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். எதைப் பின்னர் கொடுப்பது மிகக் கடினமோ அதைப் பார்க்காமல் விடுகிறோம். என் பேச்சின் சாரமே இதுதான்.

பின்னர் கொடுப்பது கடினம் என்று எதைச் சொல்கிறேன்? பந்தோடு உள்ள பழக்கத்தை. ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை பாதத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், அடி, குதிகால் எல்லாவற்றாலும் பந்தைத் தொட்டுத் தொட்டு வரும் உணர்வு பதினெட்டில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. அதோடு பார்வை. நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட் பெரிய வீரர்களின் தலை அசைவை வீடியோவில் எண்ணிப் பார்த்திருக்கிறார். பந்து காலுக்கு வருமுன் அதிக முறை திரும்பிப் பார்ப்பவர்கள் முன்னோக்கிய பாஸ்களைச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார். சாவி அதில் முதல் வரிசைக்காரர். சாவியும் இனியெஸ்டாவும் ஏறக்குறைய நம் சேத்ரியின் உயரம்தான். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறான். பந்து அவன் காலில் இருப்பது மொத்தம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை. மீதி நேரமெல்லாம் எங்கே ஓடுவது, எப்போது நிற்பது என்ற முடிவுகள். அந்த முடிவுகளுக்கு உடம்பும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இந்தத் தலைப்புக்கு உலகத்தில் எங்கே போனாலும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அஞ்சுதெங்கிலிருந்து வெட்டுக்காடு, வலியதுறை, பூந்துறை, விழிஞம், பூவார், பொழியூர். அதற்குத் தெற்கே மாநில எல்லை என்று ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர். மணலுக்கும் பந்துக்கும் அந்தக் கோடு தெரியாது. பொழியூரைச் சந்தோஷ் டிராபி கிராமம் என்றே சொல்வார்கள். அத்தனை பேர் அங்கிருந்து மாநில அணிக்குப் போயிருக்கிறார்கள். 2018இல் கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கேரளம் சந்தோஷ் டிராபியைக் கொண்டுவந்தபோது பொழியூரின் சீசனும் அணியில் இருந்தார். வெட்டுக்காட்டின் ஜோபி ஜஸ்டின் மின்வாரிய அணியிலிருந்து ஈஸ்ட் பெங்கால் போய், 2018-19 ஐ-லீக்கில் ஒன்பது கோல் அடித்து இந்திய வீரர்களில் முன்னணியில் நின்றார். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்குப் போய் 2019-20இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற அணியில் ஆடினார்.

இந்தப் பிள்ளைகளுக்கு யார் உடற்பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள்? மணல் கொடுத்தது. கெட்டித் தரையைவிட மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கடற்கரையில் தினம் மாலை ஆடும் பிள்ளையின் கெண்டைக்காலும் கணுக்காலும் அதனால்தான் அப்படி இருக்கின்றன. கரமடி வலை இழுக்கும் அப்பாவோடு கயிறு பிடித்த கையும் தோளும் சேர்ந்துகொள்கின்றன. மணலில் பந்து உருளாது. ஆகவே பந்தைத் தூக்கி ஆட வேண்டும், நெஞ்சால் வாங்க வேண்டும், காற்றிலேயே அடிக்க வேண்டும். பயம் என்பதே இல்லாமல் பாய்ந்து விழுவார்கள், விழுந்தாலும் மணல்தானே. இது கடற்கரையின் பெரிய செல்வம்.

ஆனால் மணல் கொடுக்காததும் உண்டு. வேகமாக உருண்டு வரும் பந்தை ஒரே தொடுகையில் கூட்டாளிக்குத் திருப்பிவிடும் பழக்கத்தை அது கொடுப்பதில்லை. புல் மைதானத்தில், மழை பெய்து வழுக்கும் தரையில், பந்து சறுக்கி வரும்போது கடற்கரைப் பிள்ளையின் முதல் தொடுகை இரண்டடி தள்ளிப் போகும். அதை ட்ரையல்ஸில் பார்க்கும் தேர்வாளர் இவனுக்கு டெக்னிக் போதாது என்று எழுதுவார். அவனுக்குப் போதாதது புல்தரை. ஆறு மாதம் நல்ல மைதானத்தில் ஆட விட்டுப் பிறகு எழுதட்டும்.

வடக்கே மலபாரில் செவன்ஸ் இதற்கு நேர் எதிரான பள்ளி. அறுவடை முடிந்த வயலில், மூங்கில் கேலரி கட்டி, ஏழு பேர் ஆட்டம். இடம் குறைவு, ஆஃப்சைடு இல்லை, நெருக்கத்துக்குள் பந்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டியாக வேண்டும். பந்தின் மேல் அவர்களுக்கு வரும் அதிகாரம் அழகானது. ஆனால் பதினொருவர் ஆட்டத்தில் பந்தில்லாமல் நாற்பது மீட்டர் ஓடி இடம் உண்டாக்கும் பழக்கமும், டிஃபென்ஸ் கோட்டோடு சேர்ந்து நகரும் பழக்கமும் செவன்ஸில் வருவதில்லை. ஆக ஒவ்வொரு நிலமும் ஒரு பாதியைக் கொடுத்து அனுப்புகிறது. மீதிப் பாதியைக் கொடுப்பதுதான் பயிற்சியாளர் வேலை.

இந்த வேலையை இந்தியாவில் முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பெற்ற அணிக்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்த அணிக்கும் அவரே பயிற்சியாளர். அந்தத் தங்க அணியில் இரிஞ்ஞாலக்குடையின் ஓ. சந்திரசேகரன் இருந்தார். ரஹீம் செய்ததைப் பாருங்கள்: பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று போட்டி வைத்தார். டிரிப்ளிங் செய்யக் கூடாது, ஒரு தொடுகையில் கொடுத்துவிட வேண்டும் என்று போட்டி வைத்தார். நம் ஆட்களின் உடம்பை ஐரோப்பியர்களின் உடம்பாக மாற்ற அவர் முனையவில்லை. பந்து வேகமாகப் போனால் வீரன் மெதுவாக ஓடினாலும் ஆட்டம் வேகமாகும் என்று கண்டுகொண்டார். அதே நேரத்தில் ஓடும் வலுவையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கை டிஃபென்ஸிலிருந்து முன்களத்துக்கு அனுப்பினார். ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். வலுவையும் நுட்பத்தையும் எந்த இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்தவர் செய்த காரியம் அது. 1963இல் ரஹீம் மறைந்தார். அந்த வழி தொடரவில்லை. அதே காலத்தில் ஜெர்மனியின் டெட்மார் கிராமரை 1960இல் அழைத்த ஜப்பான், அடிப்படைப் பந்துப் பயிற்சியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றது, 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது. சராசரி ஜப்பானியர் நம்மைவிட மலை போன்றவரா என்ன?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, உடற்பயிற்சி வேண்டாம், டிரிப்ளிங் மட்டும் போதும் என்று யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அப்படி நினைப்பது வேறொரு பிழை. நம் ஊரில் அழகாக ஆடுகிறான் என்று கைதட்டி வளர்த்துவிட்டு, பதினெட்டு வயதில் எழுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்கும் வீரனையும் உண்டாக்கியிருக்கிறோம். களைத்த காலில் நுட்பம் நிற்காது. ஐ.எம். விஜயனைப் பந்து வித்தைக்காகவே நினைவு வைத்திருக்கிறோம். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன் என்ற கதையையும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவரைக் கறுப்பு மான் என்று அழைத்ததை மறக்கக் கூடாது. அந்தப் பெயரில் இருப்பது ஓட்டமும் துள்ளலும். கேரளா போலீஸ் அணி 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது விஜயன், பாப்பச்சன், சத்யன், ஷரஃப் அலி என்று கலை உள்ளவர்கள் இருந்தார்கள். அவர்கள் காவல்துறைப் பரேடு மைதானத்தின் உடம்பும் உள்ளவர்கள்.

2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் நினைத்துப் பாருங்கள். இந்திய அணியில் கேரளத்திலிருந்து ஒரே ஒருவர், திருச்சூரின் கே.பி. ராகுல். கொலம்பியாவுக்கு எதிராக அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதே ஆட்டத்தின் 82ஆவது நிமிடத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தை ஆறடிக்கு மேல் உயரமான ஜீக்சன் சிங் தலையால் உள்ளே தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். உயரம் இல்லாமல் அந்தக் கோல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நிமிடமே கொலம்பியா அடித்து 2-1 என்று முன்னேறிவிட்டதே, அதை எந்த உயரம் தடுத்திருக்கும்? கோல் அடித்த மறு நொடியில் தங்கள் இடத்துக்குத் திரும்பி நின்று ஆட்டத்தை நிதானப்படுத்துவது சிறு வயதிலிருந்து ஆட்ட அறிவோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு வரும் பழக்கம்.

ஆகவே நான் கேட்பது வரிசை. பன்னிரண்டு வரை பந்து, பந்து, பந்து. சின்ன இடம், நாலு பேருக்கு நாலு பேர், எல்லோருக்கும் நூற்றுக்கணக்கான தொடுகை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018இல் கோல்டன் பேபி லீக் என்று சிறு பிள்ளைகளுக்குச் சிறு மைதான ஆட்டத்தைத்தான் பரப்பத் தொடங்கியது. ஆனால் ஊர்களில் இன்னும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பெரிய கோல் கம்பத்துக்கு முன் நிறுத்துகிறோம். பதின்மூன்று முதல் பதினைந்து வரை உடம்பு தடுமாறும் காலம். கை கால் திடீரென நீண்டு, நேற்று வரை வந்த டிரிப்ளிங் இன்று வராது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும். அந்த வயதில் பிள்ளை சோம்பேறி ஆகிவிட்டான் என்று திட்டுகிறோம். திட்ட வேண்டியதில்லை, சுமையைக் குறைத்தால் போதும். அதன்பின் வலுப் பயிற்சியை முறையாகத் தொடங்க வேண்டும். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் இருக்கும் பயத்துக்கு ஆதாரம் இல்லை. தெரிந்தவர் கண்காணிப்பில் செய்தால் தீங்கில்லை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். காயத்தைத் தடுப்பதும் இதோடு சேர்ந்தது. சூசைராஜ் 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறி அந்தப் பருவத்தையே இழந்ததை நம் கடற்கரைப் பிள்ளைகள் அறிவார்கள். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப்புக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் மூன்றில் ஒரு பங்காவது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் அறுவது இன்னும் அதிகம் என்பதால் அவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

தேர்வைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் சில ஆண்டுகளாக ஒரு முறையைக் கையாள்கிறார்கள். பிள்ளையின் உயரம், எடை, பெற்றோரின் உயரம் இவற்றிலிருந்து அவன் கடைசியில் எவ்வளவு வளர்வான் என்று கணித்து, அதில் எத்தனை சதவீதம் இப்போது வளர்ந்திருக்கிறான் என்று பார்த்து, ஒரே வளர்ச்சி நிலையில் உள்ளவர்களை ஒன்றாக ஆட விடுகிறார்கள். சிறிய உடம்புக்காரன் அங்கே தலைவனாகிறான்; பெரிய உடம்புக்காரன் முதல்முறையாகத் தன் வலு செல்லாத இடத்தில் யோசித்து ஆடக் கற்கிறான். இது நமக்கு அந்நியமான யோசனை என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் ஒரு காலத்தில் ஊர் ஊராக நாலு அடி பத்து அங்குலப் போட்டி நடந்தது. கம்பு ஒன்றை நட்டு வைத்து, அதற்கு மேல் தலை போனால் ஆட முடியாது. பிறப்புச் சான்றிதழே இல்லாத ஊர்களில் அது எவ்வளவு நியாயமான வழி!

நம் கரையில் இன்று இதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. மணல் போய்க்கொண்டிருக்கிறது. வலியதுறையிலும் சங்குமுகத்திலும் பொழியூரிலும் கடல் வீடுகளைத் தின்றதை நீங்கள் பார்த்தீர்கள். தேங்காய்பட்டணம் துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு தங்கள் கரை குறைந்தது என்று பொழியூர் மீனவர்கள் சொல்கிறார்கள். வீடு போனதைப் பற்றிப் பேசும்போது மைதானம் போனதைப் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஒரு தலைமுறை ஆடிய இடம் அது. டைட்டானியம் ஆலை, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி (எஸ்.பி.டி.), ஏஜிஸ் ஆஃபீஸ், மின்வாரியம் என்று கடற்கரைப் பிள்ளைக்குக் கால்பந்தால் வேலை கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அவற்றில் எஸ்.பி.டி. 2017இல் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்துவிட்டது. இப்போது சூப்பர் லீக் கேரளா வந்திருக்கிறது, சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் ஆடுகிறது. கேலரி நிறைவது நல்ல செய்தி. அந்த அணிகளுக்கு ஆட்களைக் கொடுக்கும் கரையில் ஒரு புல்தரையாவது போட்டுத் தாருங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பயிற்சியாளர் நண்பர்களே, உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். பதினான்கு வயதுக்குட்பட்டோர் கோப்பையை வெல்லாவிட்டால் அகாடமிக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், பெற்றோர் வேறு இடம் பார்ப்பார்கள், பள்ளி நிர்வாகம் உங்கள் வேலையைக் கேள்வி கேட்கும். பெரிய உடம்பை எடுத்தால் இந்த வருடக் கோப்பை நிச்சயம். ஆகவே பெற்றோரிடமும் கேட்கிறேன்: உங்கள் பிள்ளையின் கோச்சிடம் இந்த வருடம் எத்தனை கோப்பை என்று கேட்காதீர்கள். போன வருடம் வலது காலால் மட்டும் ஆடியவன் இப்போது இடது காலாலும் ஆடுகிறானா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. நாளைக்கே தொடங்கலாம், செலவில்லை. ஒவ்வொரு அகாடமியிலும் சுவரில் ஒரு கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் எப்போது வளரத் தொடங்குகிறான் என்று அந்த நோட்டு சொல்லும். ட்ரையல்ஸில் எடுத்தவர்களின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் எழுதி வையுங்கள்: பந்து நன்றாக வாங்குகிறான், திரும்பிப் பார்க்கிறான், உடம்பு போதாததால் விட்டோம் என்று. அதில் ஊர், பள்ளி, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து, பதினைந்து வயதில், அந்தப் பிள்ளைகளை மட்டும் திரும்பக் கூப்பிட்டு ஒரு நாள் ஆட வைத்துப் பாருங்கள். அழைக்கும்போது பஸ் காசையும் கொடுத்து அழையுங்கள். பொழியூரிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் வர வேண்டும் அவர்கள்.